எட்டு மரம் தெரிந்தால் போதும்: போரியல் காட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

டொராண்டோவிலிருந்து நெடுஞ்சாலை 11-ஐப் பிடித்து வடக்கே ஏறினால், ஒரு பகல் பயணத்தில் போரியல் காட்டுக்குள் இருக்கலாம். பலர் போகிறார்கள். கார்க் கண்ணாடிக்கு வெளியே மணிக்கணக்கில் கரும்பச்சைச் சுவர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே மரம்தானே" என்று திரும்பி வருகிறார்கள். காரில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

இங்கே மர வகைகள் குறைவு என்பது உண்மைதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காட்டில் மரங்களை இனம்பிரிக்கப் பழகவே ஆண்டுக்கணக்கில் ஆகும். இங்கே எட்டு மரம் தெரிந்தால் கண்ணில் படும் காட்டில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். ஒரு வாரக் கடைசி போதும். சுவாரசியம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. எந்த மரம் நிற்கிறது என்பதை வைத்தே காலுக்கடியில் மணலா களிமண்ணா, தண்ணீர் தேங்குமா வடியுமா, கடைசியாகத் தீ வந்து எத்தனை காலம் ஆயிற்று என்றெல்லாம் ஊகிக்கலாம். விலங்குகளும் மரத்தை ஒட்டித்தான் நடமாடுகின்றன. அதனால் மூஸ் என்ற பெரிய மானைத் தேடி அலைய வேண்டாம். முதலில் மரங்களைப் பாருங்கள்.

இடம்

போரியல் காடு அலாஸ்காவில் தொடங்கிக் கனடாவைக் குறுக்கே கடந்து, அட்லாண்டிக்குக்கு அப்பால் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா என்று பசிபிக் கரைவரை போகிற ஒரு பெரிய பட்டை. தைகா என்றும் சொல்வார்கள். உலகக் காட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இதுதான். இவ்வளவு பெரியதைப் பொதுவாகப் பேசிப் பயனில்லை என்பதால் ஒரே ஒரு மூலையை எடுத்துக்கொள்கிறேன்: வட ஒன்டாரியோவில் டிம்மின்ஸ், மேத்திசன், காக்ரேன் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதி.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. டிம்மின்ஸுக்குக் கிழக்கே, மேத்திசன் போகும் 101-ஆம் சாலையை ஒட்டி, கெட்டில் லேக்ஸ் மாகாணப் பூங்கா இருக்கிறது. பனியுகம் முடிந்தபோது பனிப்பாறையின் உருகுநீர் கொண்டுவந்து கொட்டிய மணல் அங்கே மேடுமேடாகக் கிடக்கிறது. அந்த மணலில் புதைந்திருந்த பனிக்கட்டிகள் உருகிய குழிகள்தாம் இன்றைய வட்ட வட்டமான ஏரிகள். கொஞ்சம் வடக்கே போனால் நிலம் நேர்மாறு. ஓஜிப்வே என்ற ராட்சத உருகுநீர் ஏரி சுமார் 8,200 ஆண்டுகளுக்கு முன் ஹட்சன் விரிகுடா பக்கம் வடிந்துபோனது. அதன் அடிச்சேறு இன்று காக்ரேன், கபஸ்கேசிங் வரை பரந்த களிமண் சமவெளி. ஒரே தட்பவெப்பம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மண். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

போகிற வழியில் டெமகாமி அருகே உயர்ந்த வெள்ளைப் பைன்களும் செம்பைன்களும் வரும். அழகான காடு, ஆனால் போரியல் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதன்பின் நியூ லிஸ்கார்ட் வயல்வெளி. கிர்க்லண்ட் லேக் பகுதியில் ஆர்க்டிக் நீர்ப்பிரிமுகடு என்ற பலகையைக் கவனியுங்கள். அதற்கு அப்பால் எல்லா ஆறும் வடக்கே ஓடி ஹட்சன் விரிகுடாவைச் சேரும். ஏறக்குறைய அங்கிருந்து காடு மாறிவிட்டிருக்கும்.

எந்த மாதம்

டிம்மின்ஸ் பாரிஸைவிடச் சற்றுத் தெற்கே இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்தால் நம்ப முடியாது. ஆனால் பாரிஸுக்கு மேற்கே வெதுவெதுப்பான கடல். டிம்மின்ஸுக்கு வடக்கே பல மாதம் உறைந்து கிடக்கும் விரிகுடா. ஆர்க்டிக் காற்றைத் தடுக்க நடுவில் ஒரு மலையும் இல்லை. ஜனவரியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 17 டிகிரியை ஒட்டி, ஜூலையில் பிளஸ் 17-ஐ ஒட்டி. ஜூனிலும் உறைபனி விழலாம், ஆகஸ்ட் கடைசியிலும் விழலாம். வளர்வதற்கு மரத்துக்குக் கிடைப்பது ஆண்டில் மூன்று மாதச் சொச்சம்.

மழையும் பனியும் சேர்த்து ஆண்டுக்கு 830 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. சென்னைக்குச் சுமார் 1,400. ஆனாலும் சென்னை காய்ந்து கிடக்கும், இந்தக் காடு சொதசொதவென்று இருக்கும். இங்கே விழுந்த நீர் அவ்வளவாக ஆவியாவதில்லை. களிமண் உள்ளே விடுவதுமில்லை. இந்தக் காட்டைப் புரிந்துகொள்ள மழை அளவு உதவாது. ஆவியாகாமல் மிஞ்சும் நீர்தான் கணக்கு.

முதல் பயணத்துக்கு ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசிவரை என்பது என் சிபாரிசு. கடிக்கும் பூச்சிகள் வெகுவாகக் குறைந்திருக்கும், ப்ளூபெர்ரி கிடைக்கும், செப்டம்பர் பிற்பாதியில் ஆஸ்பென்னும் பிர்ச்சும் பொன்னிறமாகும். மே கடைசியும் ஜூனும் பறவைப் பாட்டுக்கு உச்சம்தான். ஆனால் பிளாக்ஃப்ளை என்ற கடிக்கும் சின்னக் கறுப்பு ஈக்கும் அதுதான் உச்சம். முதல்முறை வருகிறவரை ஜூனில் கூட்டிப்போனால் இரண்டாம் முறை வரமாட்டார்.

கொண்டுபோக வேண்டியவை

வெளிர்நிற முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேண்ட், அதைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். பிளாக்ஃப்ளை அடர்நிறத்தைத் தேடி வரும், தலைமுடி ஓரத்திலும் காதுக்குப் பின்னாலும் ஊர்ந்துபோய்க் கடிக்கும். கடித்தது அப்போது தெரியாது, ரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். அது ஓடும் நீரில் பிறக்கிறது, பகலில் கடிக்கிறது. கொசு தேங்கிய நீரில் பிறந்து மாலையில் வருகிறது. ஆக, பகலில் ஓடையோரமும் சாயங்காலத்தில் சதுப்போரமும் உட்காராதீர்கள். பெரியவர்களுக்கு 30 சதவீத டீட் அல்லது 20 சதவீத ஐகாரிடின் கலந்த பூச்சிவிரட்டி, தலையை மூடும் ஒரு வலை. வலை பத்து டாலர்கூட ஆகாது. பார்க்கக் கேலிக்கூத்தாக இருக்கும், பரவாயில்லை.

தண்ணீர் புகாத பூட்ஸ், விசில், காம்பஸ், ஆஃப்லைனில் இறக்கி வைத்த வரைபடம். ஊரைத் தாண்டினால் போன் சிக்னல் போய்விடும். ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஜியார்டியா என்ற குடல் கிருமி இருக்கலாம். செப்டம்பர், அக்டோபரில் வேட்டைக்காலம் என்பதால் பளிச்சென்ற ஆரஞ்சு நிற வெஸ்ட் ஒன்றை மேலே மாட்டிக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் போக வாகன அனுமதிச்சீட்டு வேண்டும். முன்கூட்டியே பதிவு செய்துவிடுவது நல்லது.

கையால் படிக்க வேண்டிய எட்டு மரங்கள்

ஊசியிலை மரத்தின் பக்கம் போய் ஓர் ஊசியைப் பறித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். உருண்டால் அது ஸ்ப்ரூஸ். ஊசிக்கு நான்கு பக்கம் உண்டு. உருளாமல் தட்டையாக வழுக்கினால் பால்சம் ஃபர். ஃபர்தானா என்று உறுதிசெய்ய இளம் தண்டைப் பாருங்கள், வழவழப்பான பட்டையில் கொப்புளங்கள் இருக்கும். ஒன்றைக் குத்தினால் மணமுள்ள பிசின் வரும், கையில் ஒட்டிக்கொண்டு லேசில் போகாது.

ஊசிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, குட்டையாக, கொஞ்சம் முறுக்கி விரிந்திருந்தால் ஜாக் பைன். பத்து இருபது ஊசிகள் ஒரே மொட்டிலிருந்து கொத்தாக வந்து, தொட்டால் மிருதுவாக இருந்தால் டாமரக். இந்த டாமரக் வித்தியாசமான ஆள். ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்காலத்தில் மஞ்சளாகி எல்லாவற்றையும் உதிர்த்துவிடும். குளிர்காலத்தில் மொட்டையாக நிற்பதைப் பார்த்துச் செத்துப்போன ஸ்ப்ரூஸ் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

ஸ்ப்ரூஸில் இரண்டு: வெள்ளையும் கறுப்பும். பெயரை வைத்து நிறம் தேட வேண்டாம், காயைப் பாருங்கள். வெள்ளை ஸ்ப்ரூஸின் காய் சுண்டுவிரல் போல் நீளம், பழுத்தால் விழுந்துவிடும், மரத்தடியில் கிடக்கும். கறுப்பு ஸ்ப்ரூஸின் காய் சின்னது, உருண்டை, ஆண்டுக்கணக்கில் விழாமல் உச்சியில் கொத்தாக ஒட்டியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒல்லியான மரத்தின் தலையில் யாரோ முடிச்சுப் போட்டதைப் போலத் தெரிவது அதனால்தான்.

மிச்சம் மூன்றும் அகன்ற இலை மரங்கள். பேப்பர் பிர்ச்சைக் குழந்தையும் சொல்லும்: வெள்ளைப் பட்டை தாள் தாளாக உரியும். உயிருள்ள மரத்தில் உரிக்காதீர்கள், அந்தத் தழும்பு ஆறாது. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான கிரீ, அனிஷினாபே மக்கள் அந்தப் பட்டையால் படகு கட்டினார்கள். தைக்கக் கறுப்பு ஸ்ப்ரூஸின் வேர், தையலை அடைக்க ஸ்ப்ரூஸ் பிசின், சட்டத்துக்குச் செடார் மரம். ஒரு முழுப் படகுக்கான பொருளும் இந்தக் காட்டிலேயே இருந்தது.

ஆஸ்பென்னுக்குப் பட்டை வழவழப்பு. சாம்பல் கலந்த பச்சை, தடவினால் மாவு போல் வெள்ளைப் பொடி ஒட்டும். அதன் இலை நம் அரச இலை போல, காற்றே இல்லாதபோதும் சலசலக்கும். காம்பு தட்டையாக இருப்பதால் நிலைகொள்ளாது. அந்தப் பட்டைக்குள் பச்சையம் இருப்பதால் இலை வருவதற்கு முன்பே வெயிலைப் பிடிக்கத் தொடங்கிவிடும். ஒரே வேரிலிருந்து கிளம்பிய தண்டுகள் தோப்பாக நிற்பதும் வழக்கம். இலையுதிர்காலத்தில் ஒரு தோப்பு முழுதும் மஞ்சளாகி, பக்கத்துத் தோப்பு பச்சையாகவே நின்றால் இரண்டும் வெவ்வேறு மரம் என்று கொள்ளலாம். தண்டு எத்தனை என்பது பொருட்டில்லை. எட்டாவது பால்சம் பாப்லர். வசந்தத்தில் அதன் பிசுபிசுத்த மொட்டிலிருந்து வரும் வாசனை சாலைவரை வீசும்.

வெண்செடார், கருஞ்சாம்பல் மரம் என்று இன்னும் சில உண்டு. அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, தரையைப் பாருங்கள்

கெட்டில் லேக்ஸின் மணல்மேட்டில் நில்லுங்கள். சுற்றிலும் ஜாக் பைன், அடியில் நடந்தால் மொறுமொறு என்று உடையும் வெளிர்சாம்பல் லைக்கன், நம் கல்பாசி போன்றது. பெய்த நீர் மணலில் இறங்கிவிடுவதால் வறட்சியைத் தாங்குகிறவை மட்டுமே அங்கே. அந்த லைக்கனை மிதிக்காமல் பாதையிலேயே நடங்கள். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். இன்னும் வடக்கே கரிபூ மான் குளிர்காலத்தைக் கடத்துவது இதைத் தின்றுதான்.

மேட்டிலிருந்து இறங்க இறங்க வரிசை மாறும். சரிவில் ஆஸ்பென், பிர்ச், வெள்ளை ஸ்ப்ரூஸ், ஃபர். வடிகால் இருக்கிற நல்ல மண். அடியில் நிழலாக, மெத்தைப் பாசி. நான்கு வெள்ளை இதழ் போலத் தெரியும் குட்டிச் செடி பஞ்ச்பெர்ரி. அதன் பூக்கள் அரை மில்லிசெகண்டுக்குள் வெடித்துத் திறந்து மகரந்தத்தை வீசும். கண்ணால் பார்க்க முடியாத வேகம், ஆனால் ஜூனில் மொட்டை ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால் பொடி தெறிப்பது தெரியும்.

கீழே இறங்கியதும் ஃபரும் ஆஸ்பென்னும் காணாமல் போய், கறுப்பு ஸ்ப்ரூஸும் டாமரக்கும் மட்டும் நிற்கும். தரை மிருதுவாகிவிட்டதா? சதுப்பு வந்தாயிற்று. காலடியில் இருப்பது ஸ்ஃபேக்னம் பாசி. ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். தன் காய்ந்த எடையைப் போல இருபது மடங்கு வரை நீரைப் பிடித்து வைக்கும். கிரீ மக்கள் இதைக் காயவைத்துக் குழந்தைகளுக்கு அடியில் கட்டிவிட்டார்கள். இந்தப் பாசி தன்னைச் சுற்றியுள்ள நீரை அமிலமாக்குகிறது. அமிலமும் குளிரும் ஆக்சிஜன் இன்மையும் சேர்ந்து எதையும் மக்கவிடுவதில்லை. செத்த பாசியின் மேல் பாசி வளர்ந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மீட்டர் கணக்கில் பீட் சேர்ந்துவிடுகிறது. இங்கிருந்து வடக்கே ஹட்சன் விரிகுடாத் தாழ்நிலம் முழுக்க அப்படித்தான். உலகின் மிகப்பெரிய பீட் நிலங்களில் அதுவும் ஒன்று.

மக்காத இடத்தில் சத்து வெளிவராது. அதனால் சதுப்பில் நிற்கும் கறுப்பு ஸ்ப்ரூஸின் தண்டு உங்கள் மணிக்கட்டுப் பருமனே இருந்தாலும் வயது நூறைத் தாண்டியிருக்கலாம். விதை முளைப்பது கடினம் என்பதால் அடிக்கிளை பாசிக்குள் புதைந்து வேர்விட்டு, தாயைச் சுற்றிப் பிள்ளைகள் வளையமாக நிற்பதையும் பார்க்கலாம். செடிகளோ வேறு வழி கண்டுபிடித்தன. ஊதாநிறக் குடுவைச் செடி மழைநீரைத் தன் இலையில் தேக்கி அதில் விழும் பூச்சியைச் செரிக்கிறது. அந்தக் குடுவை நீரிலேயே வாழும் கொசுப் புழு ஒன்றும் உண்டு. அது வளர்ந்து கொசுவானாலும் இந்த வடக்குப் பகுதியில் யாரையும் கடிப்பதில்லை. கனடாவில் நமக்குத் தொந்தரவு தராத அபூர்வமான கொசு.

இலையின் அடியில் காவிநிறப் பஞ்சு போர்த்த புதர் லாப்ரடார் டீ. கசக்கி முகர்ந்து பாருங்கள், அருமையான வாசனை. பூர்வகுடிகள் இதைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். நீங்கள் முகர்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே வளரும் சதுப்பு லாரல் பார்க்க இதைப் போலவே இருக்கும். இலையின் அடி வெள்ளை, செடி முழுக்க விஷம்.

ஏரியை ஒட்டிய சதுப்பின் விளிம்பு சில இடங்களில் தண்ணீர் மேல் மிதக்கிற பாசிப் படுகை மட்டுமே. கால் வைத்தால் ஊஞ்சல் போல் அசையும். அங்கே தனியாகப் போகாதீர்கள், குழந்தைகளை விடவே விடாதீர்கள். பலகைப்பாதை போட்டிருக்கும் இடங்கள் போதும்.

ப்ளூபெர்ரி ஜூலை கடைசியிலிருந்து கிடைக்கும். மணல்மேடு, பாறைத்திட்டு, பழைய தீத்தடம், இவைதாம் இடங்கள். உண்மையான ப்ளூபெர்ரியின் நுனியில் சின்னக் கிரீடம் ஒன்று இருக்கும், கொத்தாகக் காய்க்கும். அகன்ற இலைகளின் நடுவிலிருந்து எழும்பிய தனித்தண்டின் உச்சியில் பளபளவென்ற கருநீலப் பழம் கண்டால் தொடாதீர்கள். அது கிளின்டோனியா, நஞ்சு. பூங்காவுக்குள் பறிக்கலாமா என்பதை நுழைவாயில் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

தீயின் கணக்கு

இனி ஜாக் பைனுக்குத் திரும்புவோம். அதன் காய்கள் வளைந்து, பிசினால் இறுக மூடி, பல ஆண்டுகளாகக் கிளையிலேயே இருக்கும். ஏறக்குறைய 50 டிகிரி வெப்பம் பட்டால்தான் பிசின் உருகித் திறக்கும். அதாவது இந்த மரம் தீ வருவதற்காகவே விதையைச் சேமிக்கிறது. தாய்மரம் எரிந்துபோகும், சாம்பல் படிந்த வெற்று மணலில் ஆயிரக்கணக்கில் கன்றுகள் வரும். ஒரே உயரம், ஒரே பருமன் கொண்ட ஜாக் பைன்கள் நெருக்கமாக நின்றால் எல்லாம் ஒரே தீயின் பிள்ளைகள் என்று அர்த்தம். ஆஸ்பென் வேரிலிருந்து தளிர்க்கும். கறுப்பு ஸ்ப்ரூஸ் உச்சிக்கொத்தைத் திறக்கும். ஃபருக்கு மட்டும் எந்தத் தற்காப்பும் இல்லை. ஆகவே பெரிய ஃபர் மரங்கள் நிறைந்த காடு என்றால் நீண்ட காலம் எரியாமல் தப்பிய காடு. தீ தப்பினாலும் ஸ்ப்ரூஸ் மொட்டுப்புழு தப்பவிடாது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பெருகி, பெயரில் ஸ்ப்ரூஸ் இருந்தாலும் முக்கியமாக ஃபரைத்தான் மொட்டையடிக்கும்.

எரிந்த இடம் வழியில் கிடைத்தால் விடாதீர்கள். ஊதா நிறத்தில் ஃபயர்வீட் பூத்திருக்கும். கரிந்த தண்டில் கருமுதுகு மரங்கொத்தி பட்டையைச் செதுக்கிக்கொண்டிருக்கும். அது தேடுவது வண்டுப் புழுக்களை. அந்த வண்டுகளில் சில, தீயின் அகச்சிவப்புக் கதிரை உணரும் உறுப்பு கொண்டவை. தொலைவிலிருந்து தீயை நோக்கிப் பறந்துவரும். காற்றடிக்கும் நாளில் மட்டும் எரிந்த காட்டுக்குள் போகாதீர்கள், நிற்கிற மரம் சொல்லாமல் விழும்.

காட்டுக்குத் தீ பழகியது, ஊருக்கு அப்படியில்லை. நீங்கள் கடந்துபோகும் இந்த ஊர்களிலேயே 1911 ஜூலையில் பார்க்யூபைன் தீயும், 1916 ஜூலை 29-இல் மேத்திசன் தீயும் குடியிருப்புகளை அழித்தன. மேத்திசன் தீயில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023-இல் கனடா முழுவதும் எரிந்த பரப்பு சுமார் 1.5 கோடி ஹெக்டேர், அந்த ஆகஸ்டில் யெல்லோநைஃப் நகரத்தையே காலி செய்தார்கள். எனவே ஒன்டாரியோவின் தீக்காலமான ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை, கிளம்பும் முன் மாகாண அரசின் தீ வரைபடத்தைத் திறந்து இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: அருகில் தீ இருக்கிறதா, நெருப்பு மூட்டத் தடை இருக்கிறதா. தடை இருந்தால் கேம்ப்ஃபயர் ஆசையை விட்டுவிடுங்கள். தடை இல்லாவிட்டாலும் அணைத்த நெருப்பில் கைவைத்துப் பார்த்து, சில்லென்று இருந்தால் மட்டுமே நகருங்கள். பீட் மண்ணில் நெருப்பு மூட்டவே கூடாது. அது அடியிலேயே கனன்று, நீங்கள் வீடு திரும்பிய பிறகு வேறோர் இடத்தில் எழும்பும்.

விலங்குகள்: தடயம் முதலில்

நேரில் விலங்கு பார்ப்பது அதிர்ஷ்டம். தடயம் பார்ப்பது நிச்சயம்.

கூம்பாகச் செதுக்கிய ஆஸ்பென் அடிக்கட்டை தெரிந்தால் பக்கத்தில் பீவர் இருக்கிறது. பல்லில் இரும்புச்சத்து சேர்ந்து ஆரஞ்சு நிறமாக இருப்பதால் அந்த வலு. அணைக்கு மேலே குளம், குளத்தில் செத்து நிற்கும் மரங்கள், அவற்றில் மரங்கொத்தி, கரையில் மூஸ் என்று ஒரு பீவர் வந்தால் ஊரே கூடும். பொழுதுசாயும் நேரத்தில் காற்று அணையிலிருந்து உங்கள் பக்கம் வீசும் இடத்தில் அசையாமல் உட்கார்ந்தால் பார்த்துவிடலாம்.

ஸ்ப்ரூஸ் காட்டில் காய்ச் செதில்கள் குப்பைமேடாகக் குவிந்திருந்தால் அது செவ்வணிலின் களஞ்சியம். அதன் சொந்தக்காரர் மேலேயிருந்து உங்களைத் திட்டிக்கொண்டிருப்பார். சாம்பல்நிற கனடா ஜே பறவை நீங்கள் சாண்ட்விச்சைப் பிரித்ததும் எங்கிருந்தோ வந்து நிற்கும். எச்சிலால் உணவை உருண்டையாக்கி மரப்பட்டை இடுக்கில் ஒட்டிவைத்து, அந்தச் சேமிப்பை நம்பி மார்ச்சிலேயே, பனி கிடக்கும்போதே முட்டையிடும். இலையுதிர்காலம் வெப்பமாகிப் போனால் சேமிப்பு கெட்டுவிடுகிறது. அல்கான்குவின் பூங்காவில் இந்தப் பறவை குறைந்ததற்கு ஆய்வாளர்கள் காட்டும் காரணம் இதுவே.

மூஸ் காட்டைவிடச் சாலையில்தான் அதிகம் தென்படும். குளிர்காலத்தில் போட்ட உப்பு வசந்தத்தில் சாலையோரப் பள்ளங்களில் தேங்கும், அதைக் குடிக்க வரும். கோடையில் அதே உப்புத் தாகத்துக்கு ஏரியில் இறங்கி நீர்த்தாவரம் தின்னும். ஆண் மூஸ் 500 கிலோவுக்கு மேல் போகும், கால்கள் நீளம். கார் மோதினால் பம்பர் காலைத் தட்டும், உடல் கண்ணாடி வழியே உள்ளே வரும். கண்கள் ஹெட்லைட் வெளிச்சத்துக்கு மேலே இருப்பதால் மினுங்காமலும் போகலாம். வடக்கே பொழுது சாய்ந்த பிறகு ஓட்டாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு அறிவுரையைத்தான் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள்.

ஒப்பிட்டால் கறுங்கரடி அவ்வளவு பயமில்லை. ப்ளூபெர்ரி பறிக்கும்போது பேசிக்கொண்டே இருங்கள், அதுவும் அதே பழத்துக்குத்தான் வந்திருக்கும். எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள், மரத்தில் ஏறாதீர்கள், செத்ததுபோல் படுக்காதீர்கள். முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள், அது நெருங்கினால் கத்துங்கள், கரடி ஸ்ப்ரே கையில் இருக்கட்டும். தாக்கினால் திருப்பி அடிக்க வேண்டும். கூடாரத்துக்குள் சாப்பாடு, டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம், எல்லாம் காருக்குள். சாம்பார்ப் பொடி டப்பாவும் சேர்த்துத்தான்.

ஓநாயையும் லிங்க்ஸையும் பார்க்கும் ஆசையை ஒத்திப்போடுங்கள். கரிபூ இன்னும் வடக்கே, வெட்டப்படாத பழைய காட்டில். கனடாவின் சட்டப்படி அச்சுறுத்தலில் உள்ள இனம்.

இரண்டாம் பயணம் பிப்ரவரியில்

கோடையில் கற்ற மரங்களைக் குளிர்காலத்தில் மறுபடி பார்க்க வேண்டும். பனி அரை மீட்டருக்குக் குறையாமல் கிடக்கும், பகல் நீளத் தொடங்கியிருக்கும், பூச்சி கிடையாது. ஆண்டுக்கு மூன்று மீட்டரை ஒட்டிப் பனி பொழியும் ஊர் இது.

இரவில் யாரெல்லாம் நடந்தார்கள் என்பது காலையில் பனியில் எழுதியிருக்கும். பெரிய பின்னங்கால் தடம் முன்னாலும் சின்ன முன்னங்கால் தடம் பின்னாலும் இருந்தால் பனிமுயல். பகல் குறையக் குறைய அது வெள்ளையாகும். பனி வந்ததா என்று பார்ப்பதில்லை, அதனால் பனி தாமதமான ஆண்டில் பழுப்புத் தரையில் வெள்ளையாக நின்று மாட்டிக்கொள்ளும். அதை ஒட்டி நகமில்லாத, அகன்ற, மங்கலான தடம் போனால் லிங்க்ஸ். இரண்டின் எண்ணிக்கையும் சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். ஹட்சன்ஸ் பே கம்பெனியின் பழைய தோல் வணிகக் கணக்குப் புத்தகங்களிலிருந்தே இது தெரியவந்தது. மூஸ் அதிகமாகக் கடித்துவைத்த ஃபர் கிளைகளையும் பாருங்கள்.

வெளியே மைனஸ் 30 என்றாலும் ஆழமான பனிக்கு அடியில் தரையோரம் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். சுண்டெலிகள் அங்கே சுரங்கம் போட்டு வாழ்கின்றன. இலைச்சருகுக்கடியில் வுட் ஃப்ராக் என்ற காட்டுத்தவளை உடலின் நீரில் பாதிக்கு மேல் உறைந்து, இதயம் நின்று கிடக்கிறது. செல்களைக் காப்பது குளுக்கோஸ். ஏப்ரல் கடைசியில் உருகியதும் வாத்து போலக் கத்த ஆரம்பித்துவிடும்.

உடைக்கு ஒரே விதி: பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது. உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர், நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். விரல் பிரிந்த கையுறையைவிட மிட்டன் நல்லது. வேர்க்கும் முன் ஒரு சட்டையைக் கழற்றுங்கள், குளிரும் முன் போட்டுக்கொள்ளுங்கள். பனிநடைச் செருப்பை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். காரில் குளிர்கால டயர், கம்பளி, மண்வெட்டி, பாதிக்குக் குறையாத பெட்ரோல். தங்குமிடத்தில் பிளாக் ஹீட்டர் (இன்ஜினைச் சூடாக வைக்கும் மின்கருவி) செருக வெளிப்புற மின்இணைப்பு உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். மைனஸ் 20-க்குக் கீழே போன இரவில் அது இல்லையென்றால் காலையில் இன்ஜின் மக்கர் பண்ணலாம்.

அப்புறம், காட்டில் இன்னும் வடக்கே போக ஆசை வந்தால் காக்ரேனிலிருந்து மூசோனி போகும் போலார் பேர் எக்ஸ்பிரஸ் ரயில் இருக்கிறது. சுமார் 300 கி.மீ., ஐந்து மணி நேரம். மூசோனிக்கு ஆண்டு முழுவதும் போகக்கூடிய சாலை கிடையாது. களிமண் சமவெளியிலிருந்து பீட் தாழ்நிலத்துக்கு இறங்கும் வழியில் ஆஸ்பென் குறைந்து, கறுப்பு ஸ்ப்ரூஸ் குட்டையாகி, டாமரக் கூடிக்கொண்டே போவதை இருக்கையிலிருந்தே எண்ணிவிடலாம். கோடையில் போகிறீர்களா, தலைவலையை மறக்க வேண்டாம்.